ஒரே பெட்டிக்குப் போன நான்கு கம்பிகள்

தம்பியின் புகைப்படத்தைச் சுவரிலிருந்து கழற்ற நான் யாரையும் விட்டதில்லை. தினமும் காலையில் துடைப்பதும் நான்தான். அன்று தம்பி மகள் கேட்காமலே அதைக் கழற்றி மேசையில் வைத்தாள். அவளும் அப்பாவைப் போலவே இயற்பியல்காரி.

"மாட்டினது மாட்டினபடி இருக்கணும்னு தெரியாதா உனக்கு?"

"தெரியும் பெரியப்பா. உங்க முதுகுல ஸ்கேல் வச்சுத் தச்சிருக்குன்னும் தெரியும். ரெண்டு நிமிஷம் குனிஞ்சு பாருங்க."

எங்கள் குடும்பத்தில் பெயர் சொல்லும்படி நடந்தது ஒன்றே ஒன்று, தம்பியின் ஆய்வுக் கட்டுரை. அவன் கட்டிய மின்சுற்றுகள் போன வழியில் மறுபடி போகாதவை. அச்சு அசலாக இரண்டைச் செய்து ஒரே நொடியில் ஓடவிட்டாலும், மயிரிழை வித்தியாசம் போதும், சற்று நேரத்தில் ஒன்றுக்கொன்று முகம் தெரியாதவை ஆகிவிடும். அவற்றுக்கிடையே மிக மெல்லிய ஓர் இணைப்பைக் கொடுத்தாலே இரண்டும் ஒரே தாளத்துக்கு வந்துவிடும் என்று அவன் காட்டினான். அளவுக் கருவியின் திரையில் சிக்கெடுக்காத நூலாகக் கிடந்த உருவம், ஒற்றைச் சாய்கோடாக ஒடுங்கியது. அந்தக் கோடு பாடப்புத்தகத்தில் ஏறியது. அவன் போய் ஒன்பது வருடம் ஆகிறது. இப்போதும் யாராவது அவன் பெயரைச் சொன்னால் என் தோள் தானாக நிமிரும். அதே ஆய்வுக்கூடத்தில் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தவன் நான்.

"மூணு மாசமா செஞ்சு பாக்குறேன். அப்பா சொன்ன அளவு இணைப்புல ரெண்டும் சேரவே மாட்டேங்குது" என்றாள். புகைப்படத்தைக் கைபேசியில் படமெடுத்து, விரலால் பெரிதாக்கினாள். தம்பி சிரித்தபடி நிற்கும் மேசைக்கு அடியில் போய் நின்றது அவள் விரல். "இங்க பாருங்க. ரெண்டு சுற்றோட நாலு கம்பியும் ஒரே பவர் சப்ளைப் பெட்டிக்குப் போகுது. ரெண்டும் அது வழியாத்தான் ஒண்ணை ஒண்ணு இழுத்துக்கிட்டு ஓடியிருக்கு. அப்பா கட்டுரையில தனித்தனி சப்ளைன்னு எழுதியிருக்கார்."

கட்டுரையை வெளியிட்ட ஆய்விதழுக்கு அனுப்பவிருந்த திருத்தக் கடிதத்தை நீட்டினாள். கடைசி வரி: 'இது ஆய்வாளரின் கவனக்குறைவு.'

"பெத்தவன் பேர்ல நீயே சேறு பூசுவியா?"

"நாளைக்கு வெளியாள் எவனாவது பூசுவான். மக சொன்னா கொஞ்சம் மரியாதையா இருக்கும்."

அந்தப் படம் எடுத்த நாள் காலையில் இரண்டு சப்ளைப் பெட்டிகளில் ஒன்று புகைந்துவிட்டது. தம்பி வருவதற்குள் எல்லாவற்றையும் நல்ல பெட்டியிலேயே செருகிவைத்தேன். பழுதைச் சரிசெய்ததும் பிரித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மதியமே அந்தக் கோடு வந்துவிட்டது. அதுவரை என்னைத் தொட்டுக்கூடப் பேசாதவன், எல்லோர் முன்னாலும் கட்டிப்பிடித்தான். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? கம்பி விஷயத்தில் என்னைச் சந்தேகித்து அவன் ஒருநாளும் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்ததில்லை.

அவள் படத்தை ஓரத்துக்கு நகர்த்தினாள். சட்டத்தில் பாதி வெட்டுப்பட்ட ஒரு முழங்கை, மடித்துவிட்ட சட்டைக் கை.

"இது யாரு பெரியப்பா?"

இந்த வீட்டுக்கு வருவது அவள் ஒருத்தி. ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குத் தொலைபேசியில் அழைப்பதும் அவள் ஒருத்தி. தெரியாது என்று சொல்லியிருந்தால் யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது.

"நான்தான். நாலையும் ஒண்ணுல செருகினதும் நான்தான்."

கைபேசியின் வெளிச்சம் தானாக அணைந்தது. அவள் அதைத் திரும்ப ஏற்றவில்லை.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

கடைசி வரியைப் பேனாவால் அடித்தாள். அடித்த இடத்தின் மேலேயே பேனா வெகுநேரம் நின்றது.

"என் பேரைப் போட்டு எழுது" என்றேன்.

அவள் ஒன்றும் எழுதாமல் கடிதத்தை மடித்தாள். புகைப்படத்தைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "வரேன்" என்றாள். அதோடு எப்போதும் ஒட்டிக்கொண்டு வரும் பெரியப்பா அன்று வரவில்லை.

போன ஞாயிறு தொலைபேசி ஒலிக்கவில்லை. இது இரண்டாவது ஞாயிறு. பத்தே முக்காலுக்குத் துணியை எடுத்துக்கொண்டு சுவருக்கு முன்னால் வந்து நின்றேன். படம் இருந்த இடம் மட்டும் வெளுக்காமல், சதுரமாக, புதிதாக இருந்தது. அதன் தலைமாட்டில் இருந்த ஆணியைத் துடைத்தேன்.