வியாழக்கிழமைப் பூனை

ரொஸ்னா பூனையின் பின்னங்கால்களைப் பிடித்துக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தாள். கூடத்தில், இறந்துபோன அவள் அத்தாவைக் குளிப்பாட்டி, வெள்ளைக் கஃபன் துணி சுற்றிக் கிடத்தியிருந்தார்கள்.

“சீக்கிரம் புடிச்சி அடைம்மா. பூனை, கிடத்தியிருக்கிற மய்யித்தைத் தாண்டக் கூடாது” என்று வாசற்படியில் நின்று விரட்டினார் ஆயிஷா குப்பி. அவர் அத்தாவின் தங்கை. “தாண்டிச்சுனா என்ன ஆகும் குப்பி?” என்று ரொஸ்னா கேட்டதற்கு, “என்ன ஆகும்னு பார்க்கணுமா உனக்கு?” என்றார்.

ஓயென் என்ற அந்த ஆரஞ்சுப் பூனை குளியலறைக்குள் சத்தமில்லாமல் போய்ப் படுத்துக்கொண்டது. அழுது ஆர்ப்பாட்டம் செய்திருந்தால் ரொஸ்னாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கதவைச் சாத்திவிட்டு அதன் மேலேயே சாய்ந்து நின்றாள். கண்ணை மூடினால் அத்தா தலையை ஆட்டினார்.

விடியற்காலையில் நடந்தது அது. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவர் அவள் மணிக்கட்டைப் பிடித்து, “பூனை சாப்பிட்டுச்சா?” என்று கேட்டார். “வயிறு நிறையச் சாப்பிட்டுச்சு அத்தா. இதோ, கால்மாட்டுலதான் படுத்திருக்கு” என்றாள். அவர் கண்ணைத் திறந்து ஓயெனைப் பார்த்தார். தலையை இடமும் வலமும் மெல்ல ஆட்டினார். அதன் பிறகு பேசவில்லை. எதற்கு ‘இல்லை’ என்றார்? அவள் என்ன தப்பாகச் சொல்லிவிட்டாள்?

அம்மா போன பிறகு அத்தா சாப்பாட்டைக் குறைத்தார், பேச்சை அதைவிடக் குறைத்தார். கிளினிக் டாக்டர்தான் துணைக்கு ஒரு பிராணி வளர்க்கச் சொன்னார். ரொஸ்னா எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் அல்ல. ஒரு வாரம் வீடியோவாகப் பார்த்துத் தள்ளினாள். நாய் இந்த வீட்டில் ஆகாது. கூண்டில் பறவையை அடைக்க அத்தாவுக்கு மனம் வராது. பூனைதான் என்று முடிவு செய்து, பாலேக் பூலாவ் பக்கம் இருந்த காப்பகத்துக்கு அவரை அழைத்துப் போனாள்.

அங்கே அத்தா ஒரு கிழட்டுச் சாம்பல் பூனையின் கூண்டருகே உட்கார்ந்துவிட்டார். அதற்கு ஒரு கண் இல்லை. கம்பி வழியாக நீட்டிய அவர் விரலில் அது கன்னத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

“இது வேணாம் அத்தா. வயசாயிருச்சு, இன்னும் எத்தனை நாளைக்கு இருக்கும்? அப்புறம் நீங்கதான் அழுவீங்க.”

எழுபத்தாறு வயது மனிதரிடம் அவள் சொன்னது இது. அத்தா விரலை எடுத்துக்கொண்டார். “உனக்குப் புடிச்சதை எடும்மா” என்றார்.

ஓயென் நல்ல பூனைதான், குறை சொல்ல முடியாது. ஆனால் அது ரொஸ்னாவின் அறையில் ஏர்கோன் குளிரில் படுத்துக்கொண்டு, யாருக்குத் துணையாக வந்ததோ அவரைக் கடைசிக் காய்ச்சல் வரை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

கூடத்தில் யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். “ரெண்டு வருசமா வியாழன் தவறாம பொண்டாட்டி கபருக்குப் பஸ் ஏறிப் போன மனுஷன்லா.” அம்மாவைப் புதைத்த இடத்துக்குப் போகிறார் என்று ரொஸ்னாவும் ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். அவர் எங்கே போகிறார் என்று அவள் கேட்டதில்லை. வியாழக்கிழமை காலையில் ஒரு கிழவர் வேறு எங்கே போவார்?

ஆணியில் மாட்டியிருந்த அத்தாவின் சட்டை திடீரென்று நடுங்கியது. ரொஸ்னா கதவோடு ஒட்டிக்கொண்டாள். பிறகுதான் பையில் கைப்பேசி அடிப்பது புரிந்தது.

“அங்கிள், சுபாஷினி பேசறேன். இன்னைக்கு லேட்டா? உங்க ஒத்தக்கண்ணி கேட்டையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கா.”

அத்தா இறந்துவிட்டதை ரொஸ்னா சொன்னாள். மறுமுனையில், சுபாஷினிக்குப் பின்னால் பூனைகள் கத்தின.

“அது சாப்பிட்டுச்சா?” என்று ரொஸ்னா கேட்டாள்.

“மத்த நாள் கொறிச்சிக்கும்கா. வியாழக்கிழமை மட்டும் நாங்க எதை வெச்சாலும் தொடாது. அங்கிள் வந்து மீனைக் கிள்ளி விரல்ல வெச்சாத்தான்.” சுபாஷினி மூக்கை உறிஞ்சினாள். “வீட்டுக்கே கொண்டு போங்க அங்கிள்னு சொல்லிப் பார்த்தேன். மக ஆசையா ஒண்ணு எடுத்திருக்கு, மனசு சங்கடப்படும்னாரு.”

நண்பகல் லுஹர் தொழுகைக்கு முன் ஆண்கள் ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்கள் யாசீன் ஓத உட்கார்ந்தார்கள். ரொஸ்னா ஐஸ்பெட்டியைத் திறந்தாள். கீழ்த்தட்டில் பழைய மார்ஜரின் டப்பா, அதற்குள் முள் எடுத்து அவித்த மீன். காய்ச்சலோடு எழுந்து நேற்றே செய்து வைத்திருக்கிறார். ஓயெனுக்கு என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். டப்பாவையும் கார்ச் சாவியையும் எடுத்துக்கொண்டாள்.

“காடிய எடுத்துக்கிட்டு எங்கம்மா போற? ஊரு என்ன பேசும்?” என்றார் குப்பி.

“அத்தாவுக்கு ஒரு பதில் தப்பா சொல்லிட்டேன் குப்பி.”

காப்பகத்தில் அந்தக் கூண்டின் முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. “அங்கிளோடது” என்று சொல்லிவிட்டுச் சுபாஷினி கூண்டைத் திறந்து வைத்து நகர்ந்தாள். ரொஸ்னா நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி குனிந்து, மீனைக் கிள்ளி நீட்டினாள்.

பூனை முகர்ந்தது, தின்னவில்லை. அவளைத் தாண்டி கேட்டைப் பார்த்தது. பிறகு அந்த ஒற்றைக் கண் மெதுவாக நகர்ந்தது. கேட்டிலிருந்து நடைபாதைக்கு, நடைபாதையிலிருந்து ரொஸ்னாவின் பக்கத்துக்கு, கடைசியில் நாற்காலிக்கு. அங்கே நின்றுவிட்டது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. விரல் நுனியில் சொரசொரவென்று நாக்கு பட்டது.

“சாப்பிடுது அத்தா” என்றாள்.

நாற்காலியிலிருந்து கையை எடுத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து, அடுத்த துண்டைக் கிள்ளினாள்.