பதினான்காம் தேதி, பதினைந்து மணி

பத்தொன்பது வருடங்களாக என் கணவர் கிரேலின் கடிதங்களை எழுதி எழுதி என் வலது தோள் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. அவர் எங்கள் நார்ஃபோக் ஊரின் பாதிரியார். உயிர் என்னவோ வண்டுகள் மேல்தான். இங்கிலாந்தில் வண்டு சேர்க்கும் ஒருவரையும் விடாமல் கடிதம் போடுவார். அவர் கையெழுத்து அவருக்கே புரியாது என்பதால் எழுதுகிறவள் நான்.

அந்தக் கடித நண்பர்களில் எனக்குப் பிடித்தவர் ஆமெரி ஒருவர்தான். கார்ன்வால் கடற்கரையில் வண்டுகளோடும் ஒரு தொலைநோக்கியோடும் தனியாக இருந்தார். நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் 'திருமதி கிரேலின் தோள் தேவலையா?' என்று கேட்டு எழுத உலகத்தில் அவரைத் தவிர யாருமில்லை.

ஏப்ரலில் அவர் புதிய வால் நட்சத்திரம் ஒன்றைக் கண்டார். கை நடுங்குகிறது, நல்ல நகலெடுத்து லண்டன் வானியல் சங்கத்துக்கு அனுப்புங்கள் என்று குறிப்பு வந்தது. 'பதினான்காம் தேதி, பதினைந்து மணி இருபது நிமிடம்.' அன்றைக்கு எனக்கு அது பன்னிரண்டாவது கடிதம். பிற்பகல் மூன்று இருபதுக்கு வெயிலில் யார் நட்சத்திரம் பார்ப்பார்கள்? பாவம், தடுமாற்றம் என்று நினைத்து, 'பதினான்காம் தேதி அதிகாலை மூன்று இருபது' என்று திருத்தி அனுப்பிவிட்டேன்.

மே மாதம் அவரிடமிருந்து கடிதம் வந்தது. பதினைந்தாம் தேதி மாலை ஒரு ஜெர்மானியரும் அதைப் பார்த்திருக்கிறார். பதினான்காம் தேதி அதிகாலையில் அது ஆமெரி சொன்ன இடத்தில் இருந்திருக்கவே முடியாது, முந்திக்கொள்ளத் தேதியை மாற்றிவிட்டார் என்று சங்கம் முடிவுகட்டிவிட்டது. 'வானம் பார்க்கிற நாங்கள் நாளை நண்பகலிலிருந்து எண்ணுகிறோம். நான் எழுதிய பதினைந்து மணி, உங்களுக்கு மறுநாள், பதினைந்தாம் தேதி, அதிகாலை மூன்று மணி. சங்கத்தின் அச்சுக்கூடத்தில் யாரோ மாற்றியிருக்க வேண்டும். இந்தக் கோடையைத் தாண்டமாட்டேன் என்கிறார் மருத்துவர். பொய்யன் என்ற பெயரோடு போகத்தான் மனம் வரவில்லை.'

கடிதத்தை எடுத்துக்கொண்டு கிரேலிடம் ஓடினேன்.

"என்னங்க, தப்பு என்னோடது. சங்கத்துக்கு எழுதிடறேன்."

"எழுதினா நம்பிடுவாங்களாக்கும். சிநேகிதனுக்காகப் பாதிரியார் பெண்டாட்டி புளுகுறாம்பாங்க. அவர் கைப்பட எழுதின குறிப்பு வேணும், டபிதா."

"அது எங்க?"

கிரேல் ஜன்னலைப் பார்த்தார். "நல்ல கெட்டிக் காகிதமா இருந்துச்சு..."

எனக்குப் புரிந்துவிட்டது. கெட்டிக் காகிதம் கிடைத்தால் சின்னச் சின்ன அட்டைகளாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு வண்டைப் பசை போட்டு ஒட்டிவிடுவார். எழுத்து அடியில் போய்விடும்.

இரண்டு நாள் இழுப்பறைகளைத் திறந்து, ஒவ்வோர் அட்டைக்கு அடியிலும் முகக்கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தேன். கழுத்து விட்டுப்போயிற்று. முப்பத்தோராவது இழுப்பறையில் அந்த நடுக்கக் கையெழுத்து இருந்தது. தேதி, மணி, எல்லாம் முழுசாக. மேலே ஒட்டியிருந்தது கிரேல் கண்டுபிடித்துப் பெயரிட்ட வண்டு. வேறெங்கும் கிடைக்காத ஒற்றை வண்டு.

"தண்ணியில ஊறப்போட்டா வந்துடுமா?" என்றேன்.

"வண்டு வந்துடும். மையும் போயிடும்."

அருங்காட்சியகம் கேட்டும் தராத வண்டு அது. கிரேல் அந்த அட்டையை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"டப்பாவுல வெச்சு அப்படியே அனுப்பு. கால் உடைஞ்சா உடையட்டும். ஆனா கடிதம் என் பேர்ல வேணாம். தப்பு உன்னோடதுன்னா கையெழுத்தும் உன்னோடதா இருக்கட்டும்."

என் பெயரில் நான் எழுதிய முதல் கடிதம் அது. வண்டு மூன்று கால்களோடு திரும்பி வந்தது. கிரேல் அதை எடுத்துப் பழைய இழுப்பறையிலேயே வைத்தார்.

ஜூனில் ஆமெரியின் அண்ணன் மகள் எழுதினாள். 'சங்கத்தின் மன்னிப்புக் கடிதம் எட்டாம் தேதி பிற்பகல் இரண்டு மணித் தபாலில் வந்தது. சித்தப்பா இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். ஒன்பதாம் தேதி அதிகாலை நாலு மணிக்குப் போய்விட்டார்.'

அழுதேன். பிறகு கடிதப் பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே எழுதினேன்: ஜூன் எட்டு, பதினாறு மணி.

கிரேல் எட்டிப் பார்த்தார். "ஒன்பதுன்னுதானே எழுதியிருக்கா?"

"அவர் கணக்குல எட்டுதாங்க. அந்தத் தபால் வந்த அதே நாள்."