மிசியின் காருக்கு மூன்று குழாய்

"மிசி, உங்கட கார் ஆரைச் சுடுது?"

இறக்கக்கண்டியில் ஒரு சின்னப் பிள்ளை கேட்ட கேள்வி இது. கேட்கும்போது அவள் கட்டிலுக்கு அடியில் கிடந்தாள். அவளுடைய தாய் புஸ்பராணி நிறைவயிற்றோடு குனிய ஏலாமல், நின்றபடியே வெளியே வரச்சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். ஊரார் மிசி என்று கூப்பிடுகிற மருத்துவிச்சி றீற்றா நிலத்தில் முழங்காலிட்டுக் கட்டிலுக்கு அடியில் முகத்தை நீட்டினாள். கார் ஒருத்தரையும் சுடவில்லை, அதுக்குத் தடிமன், அதுதான் இருமுது என்று சொல்லிப் பார்த்தாள். பிள்ளை நம்பவில்லை. சுடுகிற சத்தம் எது, மற்றச் சத்தம் எது என்று அந்த வருடங்களில் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையிருக்கவில்லை.

அது தொண்ணூற்றாறாம் ஆண்டு, யுத்தகாலம். நிலாவெளிப் பாதையில் பஸ் ஓடினால் ஓடும், இல்லாவிட்டால் இல்லை. திருகோணமலைப் பட்டினத்திலிருந்து வடக்கே இருக்கிற கரையோர ஊர்களின் கர்ப்பிணிகளைப் பார்க்க றீற்றாவுக்கு இருந்தது அப்பா விட்டுப்போன கார் ஒன்றுதான். அப்பா பேணாட், வெள்ளைக்காரன் காலத்தில் துறைமுகத்துக் கடற்படைத் தளத்தில் வேலை செய்தவர். ஐம்பத்தேழில் அவர்கள் கப்பலேறியபோது ஒரு அதிகாரி கொண்டுபோக ஏலாமல் விட்டுச்சென்ற சிவப்பு எம்.ஜி. கார் அது. இரண்டு பேருக்கு மட்டும் இருக்கை. கூரையைத் திறந்துவிட்டுக் காற்று வாங்கிக்கொண்டு போவதற்கென்று செய்த ஸ்போர்ட்ஸ் கார். பேணாட் அதை ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு மட்டும்தான் எடுப்பார். மகள் அதிலே பிரசவப் பையையும் பிள்ளை நிறுக்கிற தராசையும் ஏற்றிக்கொண்டு மணல் ஒழுங்கைகளுக்குள் போனாள். அந்தக் கார் அதற்கென்றே செய்யப்பட்டதுபோல, இத்தனை வருடமும் ஒரு தாயையும் காக்கவைக்காமல் ஓடியது.

இப்போது வந்த வருத்தம் எஞ்சினின் பக்கத்தில் இருந்தது. புகையைச் சேர்த்து வெளியே அனுப்புகிற வார்ப்பிரும்பு மெனிபோல்ட் நாற்பது வருடச் சூட்டிலும் உப்புக்காற்றிலும் வெடித்துவிட்டது. ஓடும்போது பெரிதாய்த் தெரியாது. அக்சிலேற்றரில் இருந்து காலை எடுத்தால், வெடிப்புக்குள்ளால் காற்றுப் புகுந்து, எரியாமல் போன பெற்றோல் குழாய்க்குள் பற்றி, 'படார்' என்று வெடிக்கும். காலை எடுப்பது எங்கே? ஆமிக்காரர் மறித்துச் சோதிக்கிற சென்றியில்தான். உப்புவெளிச் சென்றியைக் கண்டதும் றீற்றா மரியாதையாக வேகத்தைக் குறைப்பாள். துவக்கோடு நிற்கிற பையன்களின் முகத்துக்கு நேரே கார் வெடிக்கும்.

ஒருநாள் அங்கிருந்த அதிகாரி அவளை இறக்கி, நிழலில் கதிரை போட்டு இருத்தி, ஆங்கிலத்தில் கதைத்தார். என்னுடைய பையன்கள் சின்னவங்கள், பயந்தவங்கள், நான் சத்தம் போட முன்னம் ஒருத்தன் விரலை மடக்கிவிடுவான், காரைத் திருத்துங்கோ, இல்லாவிட்டால் தயவுசெய்து இந்தப் பாதையால் வராதேங்கோ என்றார். அவர் வெருட்டவில்லை, கெஞ்சினார் என்றுதான் றீற்றா பிறகு சொன்னாள்.

வராமல் விடலாம். ஆனால் புஸ்பராணியின் போன பிள்ளை, பாதை பூட்டியிருந்த ஒரு நாளில், ஒருவரும் வந்துசேர ஏலாமல் தங்காமல் போனது. இந்த முறை நான் வருவன் என்று றீற்றா அவளுடைய கையைப் பிடித்துச் சொல்லியிருந்தாள்.

காரைப் பார்த்துவந்தவர் குலசிங்கம். உட்துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த அவருடைய கராஜில் வள்ளத்து எஞ்சின்களும் லொறிகளும்தான் கூடுதலாக வரும். அந்த இரும்பை அவர் இரண்டு தரம் ஒட்டிப் பார்த்தார். ஒட்டின இடம் நிற்க, பக்கத்து இடம் வெடித்தது. கனடாவில் இருந்த றீற்றாவின் தம்பி றொபேட் ஒரு வழி சொன்னான். இந்தப் பழைய கார்களை வைத்திருக்கிறவர்கள் அங்கே இரும்பைக் கழற்றிவிட்டு, உருக்குக் குழாயை வளைத்துச் செய்த ஹெடர் என்ற ஒன்றைப் பூட்டுகிறார்களாம். ஒன்றை வாங்கி அனுப்பினான். அது கொழும்புக்கு வந்து, பிறகு தம்புள்ளை மரக்கறிச் சந்தைவரை வந்தது. அங்கிருந்து கொண்டுவரும்படி குலசிங்கம் லொறிக்கார ஆதம்பாவாவைக் கேட்டிருந்தார்.

ஆதம்பாவா வெங்காயமும் உருளைக்கிழங்கும் ஏற்றிவர வாரம் ஒரு முறை தம்புள்ளைக்குப் போய்வருகிற மனிதர். மத்தியானம் வரவேண்டியவர் பொழுதுபடும் நேரத்தில் வந்தார். சேட்டெல்லாம் புழுதி. பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, "வழியில கொஞ்சம் சுணங்கிட்டு" என்றார். தேத்தண்ணி குடிக்கவும் நிற்கவில்லை.

அடுத்த நாள் காலை குலசிங்கம் கையைக் கழுவிப்போட்டுத்தான் பெட்டியைத் திறந்தார். மூன்று குழாய்கள். மூன்று வாசலில் தொடங்கி, ஒன்றையொன்று இடிக்காமல் வளைந்து இறங்கி, அடியில் ஒன்றாகிப் போயின. ஒட்டின இடங்கள் தைத்த துணியின் ஓரம்போல ஒழுங்காக இருந்தன. அவர் வளைவுக்குள் விரலை வைத்துக் கீழ்வரை தடவிக்கொண்டு போனார்.

"நாலு சிலிண்டருக்கு மூண்டு குழாயோ அண்ணை?" என்று றீற்றா கேட்டாள்.

"நடுவில இருக்கிற ரெண்டு பேரும் ஒரே வாசலாலதான் வெளிய போகினம், மிசி. ஒற்றுமையான குடும்பம்."

"பாத்தால் சூலம் மாதிரிக் கிடக்கு. கோணேசருக்குக் குடுத்துவிடலாம்."

"அவரிட்டச் சூலம் இருக்கு. கார்தான் இல்லை" என்றார் குலசிங்கம்.

பழைய இரும்பைக் கழற்றுவதே பெரிய வேலையாகப் போயிற்று. துருப்பிடித்த நட்டுகளுக்கு எண்ணெய் விட்டு, சூடுகாட்டி, முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்து எடுத்தார். நட்டு ஏறுகிற ஸ்டட் ஆணி ஒன்று முறிந்தால் அது எஞ்சின் தலைக்குள்ளேயே நின்றுவிடும். பிறகு கார் கோழிக்கூடுதான். ஒன்றும் முறியவில்லை. ஒழுக்கை அடைக்கிற புதுக் கஸ்கெற் தகடு வைத்து ஹெடரை ஏற்றியபோது, வந்து குந்தினதுபோலச் சரியாக இருந்தது. றீற்றா கும்பிட்டாள்.

ஆனால் குலசிங்கம் நட்டைப் பூட்டவில்லை. நகத்தால் ஒரு இடத்தைத் தடவிக்கொண்டே நின்றார்.

அந்த எஞ்சினில் காற்று உள்ளே போகிற குழாயும் புகை வெளியே வருகிற குழாயும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை. இரண்டின் விளிம்பையும் நட்டுக்கு அடியில் கிடக்கிற ஒரே வாசர்தான் அமத்திப் பிடிக்கும். இரண்டு விளிம்பும் ஒரே தடிப்பாக இருந்தால்தான் அது இரண்டையும் பிடிக்கும். பழைய இரும்பு அப்படித்தான் இருந்தது. புது ஹெடரின் விளிம்பு நகத்தளவு மெலிவு. வாசர் தடித்த பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். மெலிந்த பக்கத்தில் பிடி இராது. அங்கே காற்றுப் புகும். கார் திரும்பவும் வெடிக்கும்.

அன்று காலையில்தான் புஸ்பராணியின் கால் வீங்கியிருக்கிறது என்று இறக்கக்கண்டியிலிருந்து சொல்லிவிட்டிருந்தார்கள். றீற்றாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. இறுக்கிப் பூட்டினால் போதும், நான் இண்டைக்கே போகவேணும் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

குலசிங்கம் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "மிசி, நேரமாகுதெண்டு நீங்கள் பிள்ளையை இழுத்தெடுப்பியளோ?"

றீற்றா போய், வாசலில் கிடந்த ரயரில் குந்தி செபமாலையை உருட்டத் தொடங்கினாள்.

அவர் வாசர்களை ஒவ்வொன்றாக வைசில் இறுக்கிப் பிடித்து, பாதிப் பக்கத்தை மட்டும் அரத்தால் ராவி, ஒரு படி இறக்கினார். ராவுவார், வைத்துப் பார்ப்பார், கழற்றுவார், திரும்ப ராவுவார். கூட ராவினால் மற்றப் பக்கம் ஒழுகும். ஒரு வாசருக்கு அவர் எடுத்த பொறுமையை ஒரு பிள்ளைக்குத் தலைவாரும் தாயிடம்தான் காணலாம். எல்லாம் பூட்டி எஞ்சினை ஓடவிட்டு, சாமிப் படத்தடியில் இருந்த ஊதுபத்தியைக் கொளுத்தி, மூட்டு மூட்டாகக் காட்டிக்கொண்டு வந்தார். ஒழுக்கு இருந்தால் புகை கலைந்து ஓடும். புகை எங்கும் நேராகவே எழுந்தது.

றீற்றா பையை ஏற்றினாள். குலசிங்கம் எண்ணெய்க் கையோடு மற்ற இருக்கையில் ஏறி இருந்தார்.

"நீங்கள் ஏன் அண்ணை? வெடிச்சாலும் எண்டு..."

"வெடிச்சால் பூட்டினவனும் இருக்கத்தானே வேணும்."

உப்புவெளிச் சென்றி தெரிந்தது. மண்மூட்டைக்குப் பின்னால் நின்ற பையன் சிவப்புக் காரை அடையாளம் கண்டு முகத்தைச் சுருக்கி ஆயத்தமானான். றீற்றா அக்சிலேற்றரில் இருந்து காலை எடுத்தாள். தாழ்ந்த, வட்டமான ஒரு முரலல் மட்டும் கேட்டது. கார் அப்படியே மெதுவாக வந்து நின்றது. பையன் சுருக்கின முகத்தோடு இன்னும் காத்திருந்தான். பிறகு ஒரு கையால் காதைப் பொத்தித் திறந்து காட்டிச் சிரித்தான். போகச்சொல்லிக் கைகாட்டும்போது காரின் முதுகில் ஒருமுறை தட்டிக்கொடுத்தான்.

சென்றி தாண்டியதும் குலசிங்கம் இறங்கிப் பட்டினத்துக்குத் திரும்பினார். றீற்றா அன்று இறக்கக்கண்டியிலேயே தங்கினாள். வீக்கம் கூடியபடியால் அடுத்த நாள் புஸ்பராணியை அந்தக் காரிலேயே பட்டினத்து ஆசுப்பத்திரிக்குக் கொண்டுவந்தாள். அங்கே ஒரு ஆண் பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. தாய்க்கும் ஒன்றுமில்லை. குலசிங்கத்திடம் வந்து சொன்னபோது அவர், பிள்ளைக்குச் சத்தம் எப்படி என்று கேட்டார். கராஜையே தூக்கிற சத்தம் என்றாள் றீற்றா.

அந்தச் சந்தோசத்தின் நடுவில்தான் கனகம்மா வந்தாள். சந்தையில் மரக்கறி விற்கிறவள், பெட்டி வந்த அன்று ஆதம்பாவாவின் லொறியில் கூடவந்தவள். தன்னுடைய தராசின் சங்கிலியை ஒட்டுவிக்க வந்த இடத்தில், அந்த மனிசனுக்கு நீ என்ன குடுத்தனீ தம்பி என்று கேட்டாள். குலசிங்கத்துக்கு விளங்கவில்லை. அவள் நடந்ததைச் சொன்னாள்.

கந்தளாய்ப் பாதையில் சென்றிக்காரர் பெட்டியைத் திறந்து, இந்தக் குழாய் என்னத்துக்கு என்று கேட்டிருக்கிறார்கள். ஆதம்பாவாவின் சிங்களம் வெங்காயம் விலைபேசுகிற சிங்களம். எஞ்சின் வருத்தத்துக்கு அதில் சொல் இல்லை. அதனால் கராஜில் கேட்ட சொல்லையே போட்டிருக்கிறார். வாகனம் வெடி, அதுக்குத்தான் இது என்று. சிங்களத்திலும் வெடி வெடிதான், ஆனால் அது துவக்கு வெடி. உடனே ஆட்களை இறக்கி, மூட்டையெல்லாம் அவிழ்த்து, அவரை வெயிலில் முழங்காலில் இருத்திவிட்டார்கள். இது ஆருடையது என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

"உன்ர பேரைச் சொல்லியிருந்தால் அண்டைக்கே ஜீப் உன்ர வாசலுக்கு வந்திருக்கும். அந்தாள் சொல்லேல்ல. என்ரதான், என்ர லொறிக்குத்தான் எண்டு சொன்னதையே சொல்லிக்கொண்டு இருந்தது."

கடைசியில் வாகனம் தெரிந்த ஒரு அதிகாரி வந்து, குழாயைப் பார்த்துவிட்டு விட்டிருக்கிறார். ஆனால், உன் லொறிக்கென்றால் வருகிற சனிக்கிழமை போகும்போது கீழே குனிந்து பார்ப்பேன், புதுக் குழாய் பூட்டியிருக்கவேணும் என்றும் சொல்லியிருக்கிறார். போகாமல் நின்றால் இன்னும் சந்தேகம் வரும், போனால் என்ன சொல்வது என்று தெரியாமல் மனிசன் சோறு தண்ணி இல்லாமல் திரிகிறார் என்றாள் கனகம்மா.

அந்த மனிதர் சொன்னது பொய்தான். ஆனால் அந்தப் பொய்யை இறைவன் எந்தப் பக்கத்தில் வைத்திருப்பான் என்பதில் குலசிங்கத்துக்குச் சந்தேகம் இருக்கவில்லை. போய் நன்றி சொல்லலாம் என்று முதலில் நினைத்தார். சொன்னால் ஆதம்பாவா சிரித்துத் தட்டிவிடுவார், அதன்பிறகு எதையும் செய்யவும் விடமாட்டார். றீற்றாவிடம் சொன்னால் அவள் அழுவாள். அதனால் ஒருவரிடமும் சொல்லவில்லை. அந்த லொறியின் அடிப்பக்கம் அவருக்கு நல்ல பழக்கம். துருப்பிடித்த குழாயைக் கம்பியால் கட்டித்தான் அது ஓடிக்கொண்டிருந்தது. வள்ளத்து வேலைக்கு வைத்திருந்த நல்ல குழாயை எடுத்து, நெளியாமல் இருக்க உள்ளே மணல் இறுக்கி, சூடுகாட்டி வளைத்தார். ஒட்டின இடங்களை, றொபேட் அனுப்பினதில் கண்டதுபோல, ஒழுங்காக ராவினார். வெள்ளிப் பெயின்ற் அடித்துக் காயவிட்டார்.

வெள்ளிக்கிழமை ஜும்மா நேரம் பள்ளிவாசல் தெரு வெறிச்சோடிக் கிடந்தது. கடைகள் பாதி சாத்தியிருந்தன. ஆதம்பாவா தொழப்போயிருக்க, லொறி வாகைமரத்தடியில் எஞ்சின் ஆறி நின்றது. குலசிங்கம் சாக்கை விரித்துக் கீழே நுழைந்தார். பள்ளிக்குள்ளே குத்பாப் பிரசங்கம் ஓதுகிற குரல் அவர் படுத்திருந்த இடம்வரை வந்தது. பழைய கம்பிகளை வெட்டி, பழைய குழாயை இறக்கி, புதியதை ஏற்றி, சத்தம் வராமல் நட்டுகளை இறுக்கினார். குனிந்து பார்க்கிறவனுக்கு முதலில் தெரியும்படி அதன் வாயை வெளிப்பக்கம் திருப்பி வைத்தார்.

பழைய குழாயைச் சாக்கில் சுற்றிச் சைக்கிளில் கட்டியபிறகு மீண்டும் ஒருதரம் குனிந்தார். வெள்ளிப் பூச்சில் அவருடைய விரல்கள் எண்ணெயாகப் பதிந்திருந்தன. உடுத்தியிருந்த சாரத்தின் ஓரத்தால் அதைத் துடைத்தார். ஆட்கள் வெளியே வரத் தொடங்குமுன் தெருமுனையைத் தாண்டிவிட்டார்.