கருவாயனுக்குப் போடாத ஊசி

காலையில் கதவைத் திறந்ததிலிருந்து கால்நடை டாக்டரம்மாவுக்கு உட்கார நேரமில்லை. காதில் புண்ணோடு வந்த பூனை கம்பவுண்டரின் முழங்கையைப் பதம் பார்த்துவிட்டுப் போயிருந்தது. அடுத்து, தீனி எடுக்காத ஒரு முயல் கூடைக்குள் ஒடுங்கிக் கிடந்தது. மேஜையை மருந்துத் தண்ணீரால் துடைத்துக்கொண்டிருந்தபோது, பஸ் டிரைவர் தன் நாயை இரண்டு கைகளிலும் ஏந்தியபடி, காத்திருந்தவர்களை இடித்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"டாக்டரம்மா, கொஞ்சம் சீக்கிரம் பாருங்க. தொண்டையில எலும்பு மாட்டிக்கிச்சு. நேத்துலேருந்து எச்சிலக்கூட முழுங்க முடியல. நானும் வாய்க்குள்ள கைய விட்டுத் துழாவிப் பாத்துட்டேன், சிக்கவே மாட்டேங்குது."

நாயின் கீழ்த்தாடை தொங்கிப்போயிருந்தது. வாயோரம் எச்சில் நூலாக இறங்கியது. குரைக்க முயன்றபோது வேறு ஏதோ பிராணியின் குரல் வந்தது. டாக்டரம்மா எடுத்து வைத்த காலைப் பின்னுக்கு இழுத்தார்.

"அத மெதுவா அந்தக் கூண்டுக்குள்ள விடுங்க. விட்டுட்டுத் தள்ளி நில்லுங்க."

"கடிக்காதுங்க. நம்ம கருவாயன்தானே!"

கருவாயனை டாக்டரம்மாவுக்குக் குட்டியிலிருந்தே தெரியும். உண்ணி, சொறி, கால் சுளுக்கு என்று எதற்கெடுத்தாலும் டிரைவர் தூக்கிக்கொண்டு ஓடிவருவார். நாய் மேல் அவ்வளவு பிரியம். ஆனால் வெறிநோய்த் தடுப்பூசி என்று பேச்செடுத்தால் மட்டும் சிரித்து மழுப்புவார். "காம்பவுண்டத் தாண்டாத நாய்ங்க இது. என்னவிட ஒழுக்கமானவன். இவனுக்கு எங்கேருந்து வெறி வரும்? அடுத்த தடவை போட்டுக்கலாம்" என்பார். வரிசையில் இருப்பவர்களும் சேர்ந்து சிரிப்பார்கள். அந்த அடுத்த தடவை வரவே இல்லை.

"சமீபத்துல ஏதாவது நாயோட சண்டை போட்டுச்சா?"

"சண்டையெல்லாம் இல்ல. கொஞ்ச நாள் முன்னாடி கேட்டுக்கு வெளிய நின்ன ஒரு தெருநாய் கம்பி வழியா இவன் மூக்கக் கடிச்சு வச்சிடுச்சு. சின்னக் காயம்தான், தானா ஆறிடுச்சு."

டாக்டரம்மா நாயைக் கூண்டுக்குள் விடவைத்துத் தாழ்ப்பாளைப் போட்டார். "எலும்பு இல்லீங்க. இது வெறிநோயாத்தான் இருக்கும். இனி ஒண்ணும் செய்ய முடியாது. நீங்க மொதல்ல அந்தக் குழாய்ல சோப்புப் போட்டு நல்லாக் கையக் கழுவுங்க. கழுவிட்டு நேரா ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கங்க. வீட்ல வேற யாரு?"

"நானும் அவளும்தான்."

"அவங்களையும் கூட்டிட்டுப் போங்க."

"அவ கிட்டயே போகமாட்டாங்க. சாப்பாட்டத் தட்டுல போடறதோட சரி."

"இருக்கட்டும். கட்டாயம் கூட்டிட்டுப் போங்க. நோய் வெளிய தெரிஞ்சிடுச்சுன்னா அப்புறம் மருந்தே கிடையாது."

மறுநாள் கருவாயன் கூண்டிலேயே செத்துப்போனான். பரிசோதனையும் வெறிநோய்தான் என்று உறுதி செய்தது. டாக்டரம்மா உடனே போன் செய்தார். பஸ் நிலைய இரைச்சலுக்கு நடுவே டிரைவரின் குரல் கேட்டது.

"ரெண்டு பேரும் ஊசி போட்டாச்சா?"

"ஆச்சுங்க, ஆச்சு. வண்டி எடுக்கணும், வச்சிடறேன்."

வாசலில் பிரசவ வேதனையில் ஒரு பசு காத்திருந்தது. டாக்டரம்மா அந்தப் பதிலை நம்பிவிட்டுப் பசுவிடம் போனார்.

ஊசி போட்டுக்கொண்டது டிரைவர் மட்டும்தான். மனைவியிடம் அவர் கேட்காமல் இல்லை. "நீ நாயத் தொட்டியா?" என்று செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டார். அடுப்பைப் பார்த்து நின்றவள் திரும்பாமலே "இல்லையே" என்றாள். அவருக்கும் அதுவே வசதியாக இருந்தது. இன்னொரு நாள் லீவு போட வேண்டாம்.

உண்மை வேறு. "நான் வர்ற வரைக்கும் அத நோண்டாத" என்று சொல்லிவிட்டு, நாயை டாக்டரம்மாவிடம் கொண்டுபோனதற்கு முந்தின நாள் அவர் வேலைக்குப் போன பிறகு, நாய் திணறுவதைப் பார்க்கச் சகிக்காமல் அவளும் அதன் வாய்க்குள் விரலை விட்டு எலும்பைத் தேடியிருந்தாள். பல் உரசிக் கட்டைவிரலில் கொஞ்சம் ரத்தம் வந்தது. துணியில் துடைத்துக்கொண்டாள். வெளியே கலகலப்பான அந்த மனிதர் வீட்டுக்குள் அப்படி இல்லை. குளியலறையில் வழுக்கி விழுந்தபோது "கண்ண எங்க வச்சிருந்த?" என்றுதான் கேட்டார். கையைச் சுட்டுக்கொண்டபோது "ஒரு வேலையாவது உருப்படியாச் செய்யறியா?" என்றார். அதனால் காயங்களை மறைப்பது அவளுக்குப் பழகிப்போயிருந்தது.

விரல் ஆறியது. எல்லோரும் மறந்தேபோன நேரத்தில், ஆறிய இடத்தில் எறும்பு ஊர்வதுபோல் குறுகுறுத்தது. பிறகு காய்ச்சல். ஒரு காலையில் தண்ணீர் டம்ளரை வாயருகே கொண்டுபோனவள் தொண்டையைப் பிடித்துக்கொண்டு அலறினாள். மின்விசிறிக் காற்று பட்டாலே உடம்பு துடித்தது.

ஆஸ்பத்திரியில் "நாய் ஏதாவது கடிச்சுதாம்மா?" என்று கேட்டார்கள். அவள் பதில் சொல்வதற்கு முன் கணவனின் முகத்தைப் பார்த்தாள்.

"திட்டுவீங்கன்னுதான் சொல்லல" என்றாள்.

டிரைவர் டாக்டர்களின் காலில் விழுந்தார். அவர்களிடம் கொடுக்க எதுவும் இல்லை. அவள் நினைவோடு இருந்த நேரமெல்லாம் தண்ணீர் கேட்டாள். கொடுத்தால் குடிக்க முடியவில்லை. அந்தத் தாகத்தோடேயே போய்ச் சேர்ந்தாள்.

செய்தி கேட்டு டாக்டரம்மா மருத்துவமனையைப் பூட்டிவிட்டு அந்த வீட்டுக்குப் போனார். கூடத்தில் உறவினர்கள் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டரம்மாவும் அவர்களோடு போய் உட்கார்ந்தார். இத்தனை வருஷமும் நாயைப் பிடித்துக்கொண்டு வந்தவரிடம்தான் பேசியிருந்தார். அதற்குச் சாப்பாடு போட்டவளிடம் ஒரு முறைகூடப் பேசியதில்லை. ஒரு போன் அவளுக்குப் போட்டிருந்தால் என்ற நினைப்பு அவரை அரித்தது. இனி எந்த நாளும் அது போகப்போவதில்லை என்றும் அவருக்குத் தெரிந்தது.

செத்துப்போனவளின் அண்ணன் டிரைவரின் தோளைத் தொட்டார். "மனசத் தேத்திக்கங்க மாப்ள. அவ தலையெழுத்து அவ்வளவுதான்."

டிரைவர் தோளை உதறிக்கொண்டு எழுந்தார். பல நாளாகத் தூங்காத கண்கள்.

"தலையெழுத்துன்னு சொல்லாதீங்க மச்சான். அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் எல்லாரும் தப்பிச்சிக்கிறோம். ஊசி போடச் சொன்னாங்க, சிரிச்சேன். இவளக் கூட்டிட்டுப் போகச் சொன்னாங்க, ஆச்சுன்னு பொய் சொன்னேன். நாய் வாயில்லாத ஜீவன். இவளுக்கு வாய் இருந்துச்சு, நான்தான் அதத் திறக்க விடல."

அவர் டாக்டரம்மாவின் பக்கம் திரும்பினார்.

"உங்ககிட்ட வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் என்னக் காட்டியே சொல்லுங்க டாக்டரம்மா. நாய் வளத்தா வருஷா வருஷம் ஊசி போடணும். பல்லு பட்டாலும் நகம் பட்டாலும், கழுவிட்டு அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடணும். எல்லாத்துக்கும் மேல, அடிபட்டுச்சுன்னு பயப்படாமச் சொல்ற மாதிரி வீட்ட வச்சிருக்கணும். அப்படி வைக்கத் தெரியாதவன் நாயும் வளக்கக் கூடாது, குடும்பமும் நடத்தக் கூடாது."