மாஸ்டரின் வலது கால்

கார் ஓட்டக் கற்றுத்தரும் மாஸ்டர் நிமோனியா முற்றி, தீவிர சிகிச்சைப் பிரிவில் பதினோரு நாளாகக் கிடந்தார். கழுத்தில் போட்ட குழாய் வழியாக மெஷின்தான் அவருக்கு மூச்சுக் கொடுத்தது. பேச முடியாததால் சிலேட்டில் எழுதுவார். பெரும்பாலும் ஒரே வார்த்தை: 'முடியாது.'

அது பிசியோதெரபிஸ்ட் பெண்ணுக்கு. படுத்தே கிடந்தால் தசையெல்லாம் கரைந்துபோகும், மெஷினோடும் எழுந்து நிற்கலாம் என்று அவள் தினம் இரண்டு வேளை வந்து மன்றாடினாள். மாஸ்டர் தூங்குவது போல் நடிப்பார்.

பெரிய டாக்டர் கெடு வைத்துவிட்டார். இன்று சாயங்காலத்துக்குள் ஒரு தடவையாவது நிற்காவிட்டால், நாளைக் காலை வெளியூர் சிகிச்சை மையத்துக்கு அனுப்பிவிடுவார்கள். போனால் திரும்ப மாதக்கணக்காகும். மாஸ்டரின் மனைவி காலையிலிருந்து கட்டிலை விட்டு நகரவில்லை.

மதியம் மாஸ்டரைத் தூக்கிச் சக்கர நாற்காலியில் வைத்தார்கள். அதற்கு அவர் ஆட்சேபிக்கவில்லை. தூக்குவது அடுத்தவர் வேலையாயிற்றே. பிசியோ மெஷினை நகர்த்த, நர்ஸ் குழாயைப் பிடிக்க, வார்டைச் சுற்றி நாற்காலி தள்ள ஆளில்லை. மனைவி முன்வந்தார்.

ஊரில் பாதிப் பேருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த மாஸ்டர், மனைவியை மட்டும் ஸ்டியரிங் பக்கம் அண்டவிட்டதில்லை. அந்த அம்மாள் தள்ளிய தள்ளில் நாற்காலி கோணலாக மருந்து வண்டியை நோக்கிப் போனது. மாஸ்டரின் வலது கால் கால்தாங்கியை ஓங்கி மிதித்தது.

பிசியோ குனிந்து அவர் தொடையைத் தொட்டுப் பார்த்தாள். நன்றாக இறுகியிருந்தது.

"இதுதான் அசையாத காலா சார்?"

மாஸ்டர் எழுதினார்: 'அது பிரேக். கணக்கில் வராது.'

பிசியோ மனைவி பக்கம் திரும்பினாள். "அம்மா, இன்னொரு ரவுண்டு. மெதுவா, ஆனா இதே மாதிரி கோணலா."

"அதுக்கென்ன கண்ணு, எனக்கு நேரா தள்ளவே வராது."

மூன்று ரவுண்டில் பிரேக் ஏழு தடவை, இடது காலில் கிளட்ச் நாலு தடவை விழுந்தது. இரண்டு காலும் வேலை செய்ததை மாஸ்டர் கவனிக்கவில்லை. சிலேட்டில் மனைவியின் தப்புகளை எழுதிக்கொண்டிருந்தார். நாலாவது ரவுண்டில் சக்கரம் கட்டிலை உரச, பொறுமை போயிற்று. தள்ளிக் காட்டுகிறேன் என்று சைகை செய்தார்.

"தள்ளணும்னா எழுந்திருக்கணுமே சார்," என்றாள் பிசியோ, அவர் இடுப்பில் பெல்ட்டை மாட்டியபடியே.

ஆளுக்கொரு பக்கம் தாங்க, மாஸ்டர் எழுந்தார். கட்டில் கம்பியைப் பிடித்து நின்றே விட்டார். வாசலில் பெரிய டாக்டர்.

"நாளைக்கு ஆம்புலன்ஸ் வேணாம்னு சொல்லிடுங்க," என்று நர்ஸிடம் சொன்னார்.

அதைக் கேட்டதும் மனைவி, காலியாக இருந்த சக்கர நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடி அழ ஆரம்பித்தார்.

"அம்மா, எழுந்திருங்கம்மா. அவர் உட்காரணும்," என்று பிசியோ பதறினாள்.

மாஸ்டர் வேண்டாமென்று தலையசைத்து, கம்பியை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.