வெர்லீன் ஹப்பர்டின் முகத்து வெளிச்சம்

வெர்லீன் ஹப்பர்டின் முகத்தில் வெளிச்சம் விழுவது நின்றுபோனது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மேக்கன் நகரத் தபால் நிலைய வரிசையில் அவள் நின்றுகொண்டிருந்தபோது. அவளுக்குக் கண் நன்றாகவே தெரிந்தது. கை கால்கள் ஜன்னல் வெயிலில் பளிச்சென்று இருந்தன. தொப்பியில் குத்தியிருந்த துணி ரோஜாக்களின் இதழைக்கூட எண்ணிவிடலாம். தொப்பிக்கும் சட்டைக் காலருக்கும் நடுவில் மட்டும் விளக்கணைத்த அறை மாதிரி இருட்டு. கவுண்டரில் இருந்த பெண் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தாள். அட்டையில் முகம் இருந்தது, எதிரில் இல்லை. ஆகவே பார்சலைத் தர விதியில் இடமில்லை என்று சொல்லிவிட்டாள். வெர்லீன் சண்டை போடவில்லை. நேராக ஹேசல் தெருவுக்குத் திரும்பி நெட்டி மே ஓகிள்ஸ்பியின் கதவைத் தட்டி, "உன் பையன் என் படத்தை என்ன பண்ணித் தொலைச்சான்னு கேளு" என்றாள்.

நெட்டி மேயின் பையன் டார்விஸ்மேல் எங்கள் தெருவுக்குச் சந்தேகம் அன்றைக்கு வந்ததல்ல. பள்ளிக்கூடம் போகும் வயதிலேயே, கோடையில் சபையில் வீசிக்கொள்ள பெட்டிஃபோர்ட் அடக்க நிலையம் இலவசமாகத் தரும் அட்டை விசிறிகளின் பின்பக்கத்தில் முன்வரிசைக்காரர்களின் முகங்களை வரைந்து, பிரசங்கத்தைக் கேட்கவிடாமல் செய்தவன் அவன். பிறகு கோழி இறக்கை வறுக்கும் கடைகளுக்குப் பலகை எழுதினான். வடக்கே ஓவியப் பள்ளியில் உதவித்தொகையோடு இடம் கிடைத்தது, நியூயார்க்கில் ஒரு ஓவியக்கூடம் அவனைப் பிடித்துக்கொண்டது, பத்திரிகை அட்டையில் அவன் படம் வந்தது. நாங்கள் எதிரில் வந்தால் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுகிற வகை ஆட்கள், எங்கள் முகங்களைச் சுவரில் மாட்ட வரிசையில் நின்றார்கள். அவன் வரைந்ததோ ஹேசல் தெருக்காரர்களை மட்டும்தான். கறுப்புத் தோலை வரைய அவன் கறுப்பு வண்ணத்தைத் தொடவே மாட்டான். கருகிய மண் நிறம், நீலம், செங்கல் சிவப்பு இவற்றைக் குழைத்தே ஒவ்வொருவரையும் அவரவர் நிறத்துக்குக் கொண்டுவந்துவிடுவான். கடைசியில் நெற்றி, மூக்கு நுனி, கீழ் உதடு இந்த மூன்று இடம் மட்டும் மிச்சம் இருக்கும். அப்போது, "கண்ணை மூடிக்குங்க, இப்ப வெளிச்சம் வைக்கப் போறேன்" என்பான். எதற்குக் கண்ணை மூடச் சொல்கிறான் என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அப்படி வெளிச்சம் வைத்த நாளிலிருந்து, படத்தின்மேல் எந்த வெளிச்சம் விழுகிறதோ அதுதான் ஆளின் முகத்திலும் விழும். உள்ளூர் வெயிலுக்கும் விளக்குக்கும் அந்த முகத்தோடு பேச்சுவார்த்தை முடிந்தது. படங்கள் தெருக்கோடியில் அவன் பட்டறையிலேயே இருந்தவரை வித்தியாசம் தெரியவில்லை. விற்கத் தொடங்கியதும் தெரிந்தது. எங்கள் சபையின் மூப்பர், டீக்கன் பர்விஸின் படத்தைச் சிகாகோவில் ஒரு அருங்காட்சியகம் வாங்கியது. அவர் முகம் காலையில் அது திறக்கும்போது எரிந்து மாலையில் மூடும்போது அணைந்தது. இரவுச் சாப்பாட்டில் அந்த முகம் கோணுவதைப் பார்க்க வேண்டியதில்லை, கல்யாணமான நாளிலிருந்து இப்படி நிம்மதியாகச் சாப்பிட்டதில்லை என்றாள் அவர் மனைவி லர்லீன். வெர்லீனுக்கோ யோகம். அவள் படத்தை எலரி என்ற பணக்காரர் வாங்கிக் கடலோர வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தார். நியூ கேனன் பாப்டிஸ்ட் சபை வாசலில் வெள்ளை உடுப்பும் வெள்ளைக் கையுறையுமாக நின்று ஆட்களை இடம் பார்த்து உட்கார வைப்பவள் அவள். நான்கு வருடம் அந்த முகத்தில் தண்ணீரின் வெளிச்சம் அசைந்துகொண்டிருந்ததை நாங்கள் எல்லோரும் கொஞ்சம் பொறாமையோடுதான் பார்த்தோம். நன்றாக இருந்தவரை யாரும் டார்விஸைத் திட்டவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

இப்போது திட்டினார்கள். க்ளீட்டஸின் சலூனில் வாரம் முழுக்க இதே பேச்சு. "ஊரையே வரைஞ்சானே, பெத்த அம்மாவ ஏன் வரையல? அதைச் சொல்லச் சொல்லு மொதல்ல" என்றான் க்ளீட்டஸ், கத்தியைத் தோல்வாரில் தீட்டிக்கொண்டே. நாற்காலியில் இருந்தவன், "அவனையே அவன் வரைஞ்சுக்கல, பாத்தியா" என்றான். எனக்கும் அது உறுத்திக்கொண்டுதான் இருந்தது. நெட்டி மேயிடம் கேட்டால், "வரையறேன்னு கெஞ்சினான். நான்தான் மாட்டேன்னேன். அவனைப் பெத்தவ நான், எனக்குத் தெரியாதா?" என்பாள். அது பதிலா, இன்னொரு சந்தேகமா என்று சொல்வது கஷ்டம்.

வெர்லீனுக்கு அப்போது எழுபத்தெட்டு வயது. இதயம் பலவீனம், அதிக நாள் தாங்காது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அவள் சாவுக்குப் பயந்தவள் அல்ல. லாவெண்டர் நிற உடுப்பு, பாடவேண்டிய பாட்டுகள், சவப்பெட்டியின் உள்துணி எல்லாம் தேர்ந்தெடுத்து வைத்திருந்தாள். அடக்க நிலையத்துப் பெட்டிஃபோர்ட் முகத்துக்குப் பவுடர் போட்டு அழகுபடுத்துவார், பெட்டி திறந்திருக்கும், சபை முழுக்க வரிசையாக வந்து முகம் பார்க்கும், பார்த்துவிட்டு "எப்படிக் களையா இருக்கா பார்" என்று சொல்லும். அதற்காகவே ஐம்பது வருடம் அடுத்தவர் அடக்கங்களில் நின்று, அழுகிறவர்களுக்கு விசிறி வீசியவள் அவள். இப்போது பெட்டியைத் திறந்தால் லாவெண்டர் காலருக்கு மேலே ஒன்றும் இருக்காது. டார்விஸ் நியூயார்க்கிலிருந்து வந்து அவள் வீட்டுக் கூடத்தில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது, அதைத்தான் அவள் கேட்டாள்.

"பெட்டிஃபோர்ட் எனக்கு எங்கடா பவுடர் போடுவான்? காத்துலயா?"

"மிஸ் வெர்லீன், எலரி படத்தைச் சுவத்துலேர்ந்து எறக்கிட்டாரு. ஏர்போர்ட் பக்கத்துல ஜன்னலே இல்லாத ஒரு கிடங்கு. பெட்டியில போட்டு ஆணி அடிச்சு வெச்சிருக்காரு. இருட்டுல இருந்தா வெல ஏறுமாம்."

"வெளிய எடுக்கச் சொல்லு."

"மூணு தடவ சொல்லிட்டேன். வாங்கினது வாங்கினதுதான்றாரு."

"இப்படி ஆகும்னு உனக்கு மொதல்லயே தெரியுமா?"

டார்விஸ் தொப்பியின் விளிம்பைத் திருகிக்கொண்டே நின்றான். அவன் முகத்தை அவள் நன்றாகப் பார்த்தாள். அவளுடையதை அவனால் பார்க்க முடியவில்லை. அந்த விஷயத்தில் அவளுக்குக் கொஞ்சம் வசதிதான்.

அதன்பிறகு நடந்ததற்குத் திட்டம் போட்டது யார் என்று தெருவில் இரண்டு கட்சி உண்டு. டார்விஸ் என்கிறார்கள் சிலர். நான் வெர்லீன் என்பேன். எலரி தன்னை வரையும்படி டார்விஸைப் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தவர். ஹேசல் தெருவுக்கு வெளியே யாரையும் வரைவதில்லை என்று தட்டிக்கழித்து வந்தவன், அந்த வசந்தத்தில் திடீரென்று சரி என்றான். எலரிக்குத் தலைகால் புரியவில்லை. நீலக் கோட்டில் உட்கார்ந்தார், கண்ணை மூடச் சொன்னபோது மூடினார். எண்ணெய் வண்ணம் நன்றாகக் காய ஒரு வருடம் ஆகும், அதுவரை படம் என்னிடம் இருக்கட்டும் என்றான் டார்விஸ். அதில் பொய் இல்லை. படத்தை மூடாமல், உள்விளக்கு எரியும் வண்டியில் வைத்து மேக்கனுக்கு ஓட்டி வந்து வெர்லீனிடம் கொடுத்தான். அவள் அதைக் கூடத்தின் ஓரத்தில் இருந்த கோட்டு அலமாரிக்குள், தொப்பிப் பெட்டிகளுக்குப் பின்னால் சாய்த்துவைத்துக் கதவைச் சாத்தினாள். போதகர் விஷயம் கேள்விப்பட்டு, இது கர்த்தருக்கு ஏற்குமா என்று கேட்க வந்தார். "ரெவரெண்ட், என் வீட்டு அலமாரிய நான் சாத்தறேன். இதுக்கு வசனம் எதுவும் இருக்கா?" என்றாள். அவர் யோசித்துப் பார்த்துவிட்டு இல்லை என்றார்.

நியூயார்க்கில் எலரியின் முகம் அணைந்தது ஒரு விருந்தில், அவர் பேச எழுந்த நேரத்தில். முதலில் விளக்குக்காரனைத் திட்டினார்கள். பிறகு அவர் கைபேசி அவர் முகத்தைக் காட்டியும் திறக்க மறுத்தது. குடியிருக்கும் கட்டடத்திலேயே காவலாளி அவரை மின்தூக்கியில் ஏறவிடாமல் நிறுத்தி, யார் நீங்கள், இங்கே என்ன வேலை என்று கேட்டான். அப்படி ஒரு கேள்வி அவர் காதில் விழுந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. எங்கள் தெருவில் அதைச் சொன்னபோது ரொம்ப நேரம் சிரித்தோம். சிரிப்பு முடிந்ததும், அதே கேள்வியை எங்களிடம் யார் யார் கேட்டார்கள் என்று ஆளாளுக்குச் சொல்லத் தொடங்கினோம்.

டார்விஸ் முன்பு சொன்னதை நம்பாமல் விட்டது நினைவுக்கு வந்து அவர் அவனைத் தேடி வந்தார், டார்விஸ் அவரை வெர்லீன் வீட்டுக்கு அனுப்பினான். நண்பகலில், திரைச்சீலை விலக்கிய கூடத்தில், முகத்தில் வெளிச்சமில்லாத இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து இனிப்புத் தேநீர் குடித்தார்கள். பக்கத்தில் இருந்து கேக் வெட்டிக் கொடுத்த நெட்டி மே சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

எலரி வக்கீலைப் பற்றிப் பேசினார். வெர்லீன் முழுக்கக் கேட்டாள்.

"ஐயா, உங்க பெட்டி உங்க கிடங்குல இருக்கு. என் கோட்டு என் அலமாரியில இருக்கு. அவங்கவங்க சாமான் அவங்கவங்ககிட்ட பத்திரமா இருக்கட்டுமே. எனக்கொண்ணும் அவசரமில்ல."

அவசரம் இல்லையென்று அவள் சொன்னது பெரிய பொய். அன்று காலைகூட மாத்திரை இரண்டு கூடுதலாகப் போட்டிருந்தாள். எலரி தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார்.

"இது பழகிடுமா, அம்மா?" என்றார்.

"பழகிடும்னாங்க. எனக்குப் பழகல. இன்னொரு துண்டு கேக் எடுத்துக்குங்க."

பத்தாம் நாள் ஒரு வண்டி வந்து ஆணியடித்த பெட்டியை இறக்கியது. டார்விஸ் கடப்பாரையால் பலகையை நெம்ப நெம்ப, வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த வெர்லீனின் தாடை முதலில் வந்தது, பிறகு வாய், பிறகு கண்கள். கண்கள் ஈரமாக இருந்தன. தெருவே நின்று பார்த்தது. க்ளீட்டஸ் சலூனில் பாதிச் சவரத்தில் ஆளை விட்டுவிட்டு வந்திருந்தான். எலரியின் படமும் அன்றே அலமாரியிலிருந்து வெளியே வந்து அவருக்குப் போனது. அதை அவர் குளியலறையில் ஓயாமல் விளக்கெரிய மாட்டியிருப்பதாகக் கேள்வி. எலரியை டார்விஸ் இரண்டு பிரதி வரைந்தான் என்றும் ஒன்று இன்னும் அவனிடம் இருக்கிறது என்றும் க்ளீட்டஸ் சொல்வான். இருக்கலாம்.

வெர்லீனின் படத்தைப் பெரிய அருங்காட்சியகத்தில் வைக்கலாம் என்றான் டார்விஸ். அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "போதும்பா. எனக்குத் தெரிஞ்சவங்க கையில சுவிட்ச் இருக்கணும்" என்றாள். சபையின் பின்பக்கக் கூடத்தில், காபிப் பாத்திரத்துக்கு மேலே, முனகும் குழல்விளக்குக்கு எதிரே மாட்டினார்கள். முகம் சற்றுப் பச்சையடித்தது. அவள் குறை சொல்லவில்லை. கூடத்தில் சனிக்கிழமை மீன் வறுக்க விளக்குப் போட்டால் அவள் முகம் வீட்டில் எரியும், புதன்கிழமை வேதபாடம் நீண்டால் படுக்கையில் எரிந்துகொண்டு கிடப்பாள். அப்போது சபைக்கு போன் வரும். "அணைச்சிட்டுப் போங்கப்பா, கண்ணு கூசுது." அணைப்பார்கள். காலையில் கூடத்தைத் திறக்கிறவர் முதல் வேலையாக விளக்கைப் போடுவார்.

இரண்டு வருடம் கழித்து மார்ச் மாதத்தில் அவள் இறந்தாள். அடக்கத்தன்று கூடத்து விளக்குகள் போதாதென்று வீடுகளிலிருந்து மேசை விளக்குகளைக் கொண்டுவந்து படத்தின் முன் அடுக்கினோம். பெட்டி திறந்தபோது லாவெண்டர் காலருக்கு மேலே அந்த முகம் முழுசாக இருந்தது. வரிசை வாசல் தாண்டித் தெருவரை நின்றது. எல்லோரும் சொல்லவேண்டியதைச் சொன்னார்கள். பெட்டிஃபோர்ட் அந்தப் பெருமையைத் தன் பவுடருக்கு எடுத்துக்கொண்டார், யாரும் மறுக்கவில்லை. டார்விஸ் கடைசியாக வந்து வெகுநேரம் நின்றான். பிறகு குனிந்து, "எனக்குத் தெரியாது, மிஸ் வெர்லீன்" என்றான். அது உண்மையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவன் அழுதது உண்மை.

படத்தைக் கழற்றவில்லை. அடக்கத்துக்கு அடுத்த புதன்கிழமை, சபைக்குப் பின்னால் உள்ள கல்லறை நிலத்தில் புதுமண்ணின் தலைமாட்டில், ஒரு முகம் அளவுக்கு மண் உள்ளிருந்து வெளிச்சமாக இருப்பதை நெட்டி மே பார்த்துவிட்டு வந்து சொன்னாள். இரண்டு பேர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். இப்போது அங்கே புல் முளைத்துவிட்டது, மற்ற இடத்தைவிடச் சற்று உயரமாக. டார்விஸ் வரைய வந்தால் எங்கே மாட்டுவாய், சுவிட்ச் யார் கையில் என்று கேட்காமல் எவரும் உட்காருவதில்லை. நெட்டி மே இன்னும் உட்காரவே இல்லை. புதன்கிழமைகளில் போதகருக்குப் பேச்சு நீளும்போது, பின்வரிசையிலிருந்து அவள்தான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்திருப்பாள்.

"ரெவரெண்ட், மணியாச்சு. வெர்லீன் தூங்க வேண்டாமா?"

அவர் வேதத்தை மூடுவார். அவள் விளக்கை அணைப்பாள்.