வெள்ளை பூசிய வளைவு

கடல்நீர் வடிந்து, கிள்ளான் ஆற்றின் வாயில் சேறாக மின்னிக்கொண்டிருந்த காலைப் பொழுதில், அந்தப் பாய்மரப் படகு மரக்கட்டைகளின் மீது ஒருக்களித்துச் சாய்ந்திருந்தது. அதன் பின்புறத்தில் ‘மர்மெய்ட்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அந்தப் பெயர் போர்ட் சுவெட்டன்ஹாம் தமிழர்களின் நாவில் நிற்கவில்லை. அவர்கள் அதனை மரகதம் என்றே அழைத்தார்கள். படகின் நடுவில், ஓர் ஆள் குந்தியிருக்க மட்டுமே இடம் தரும் எஞ்சின் குழிக்குள், வேலாயுதமும் கன்னையாவும் தோளோடு தோள் இடிக்க ஒடுங்கியிருந்தார்கள். வேலாயுதம் படகின் எஞ்சின் ஓட்டி. கன்னையா எஞ்சின் பழுதுபார்க்கக் கிள்ளானிலிருந்து கூலிக்கு வரவழைக்கப்பட்ட பிட்டர்.

புகைக்குழாயை மூடியிருந்த கல்நார்க் கயிற்றைக் கன்னையா உளியால் கீறினான். அதன்மேல் வருடந்தோறும் பூசப்பட்ட வெள்ளைச் சாயம் முட்டையோடுபோல் பொட்டுப் பொட்டாய் உதிர்ந்தது. உள்ளே கயிறு நனைந்த மாவாகக் குழைந்திருந்தது. எஞ்சினிலிருந்து எழும் குழாய் வளைந்து திரும்பும் இடத்தில், சூட்டைத் தணிப்பதற்காகக் கடல்நீர் வந்து சேரும். சூடும் உப்பும் கூடிக் குடியிருந்த அந்த வளைவில் இரும்பு வெங்காயச் சருகுபோல் ஏடு ஏடாகக் கழன்று வந்தது. கன்னையா திருப்புளியின் முனையை அதன்மேல் வைத்து இலேசாக அழுத்தினான். திருப்புளி கைப்பிடி வரைக்கும் உள்ளே போயிற்று.

“இதுல என்னய்யா இருக்கு, பழுதுபார்க்கிறதுக்கு? வெறும் வெள்ளைதான் குழாயா நின்னிருக்கு” என்றான் கன்னையா. “நீ இதுக்குப் பக்கத்துலயா உட்கார்ந்திருந்த?”

வேலாயுதம் தலைக்கு மேலிருந்த மூடிப்பலகையை அண்ணாந்து பார்த்தான். பலகையின் உட்புறத்தில், அவன் தலை வழக்கமாக இருக்கும் இடத்துக்கு நேராக, கரி வட்டமாகப் படிந்திருந்தது.

மாதம் முடிவதற்குள் அவன் வேலையையும் துறைமுகத் தொழிலாளர் லைனில் இருந்த அறையையும் விட்டுவிட வேண்டும். எஞ்சினருகே குடித்துவிட்டுத் தூங்கினான் என்பது படகின் சொந்தக்காரரான வெள்ளைக்காரத் துரையின் தீர்ப்பு. அந்தச் சொல் கரைநெடுகப் பரவிவிட்டதனால், இழுவைப் படகு வைத்திருந்த சீன முதலாளியான தவுக்கேகூட அவனைக் கண்டதும் கள் குடிக்கும் பாவனையில் கட்டைவிரலை வாய்க்கு உயர்த்திக் காட்டிவிட்டு நடந்தார். குடிகாரனை எந்தப் படகும் ஏற்றாது. வேலாயுதம் வாழ்நாளில் கள்ளைத் தொட்டவனல்லன்.

அவன் அறிந்திருந்த மயக்கம் வேறு. மழையென்றும் இரைச்சலென்றும் துரை மூடிப்பலகையைச் சாத்தச் சொல்லும் நாள்களில் அது வரும். முதலில் நெற்றியில் யாரோ ஈரத் துணியை இறுக்கிக் கட்டுவதுபோல் இருக்கும். பிறகு கட்டு அவிழும். எஞ்சினின் தடதடப்பு மெல்ல விலகி, அடுத்த வீட்டில் அரிசி இடிக்கும் ஓசையாகும். குழியின் சுவர்கள் கரையும். அவன் பிறந்த டெங்கில் தோட்டம் தண்ணீருக்கடியில் விரியும்; ரப்பர் மரங்கள் வரிசை கலையாமல் மிதந்து நகரும்; ஒவ்வொரு மரத்திலும் பால் நிரம்பிய கோப்பையில் ஒரு சிறு மீன் சுற்றிக்கொண்டிருக்கும். அவன் தாய் பால் வாளிகளைச் சுமந்து ஓசையின்றி நடந்து வருவாள். அவள் காலடியில் சருகு நொறுங்காது. கரையேறிய பின்னர்தான் தலை பிளக்கும்.

அந்தக் கனவை அவன் மனைவி நல்லம்மாளிடம் சொல்லியிருந்தான். அவளுக்கு அது பிடிக்கவில்லை. தலைவலியைக் கையோடு கூட்டிக்கொண்டு வருகிற கனவு நல்ல இடத்திலிருந்து வருவதன்று என்று சொல்லி, அவன் சட்டையை முகர்ந்து பார்த்தாள். அதில் கரி நாற்றம் அடித்தது.

தீர்ப்புக்குக் காரணமான அந்த ஞாயிற்றுக்கிழமை, விருந்தினருடன் கெத்தாம் தீவுக்குப் போய்த் திரும்புகையில் மழை பிடித்துக்கொண்டது. பலகை மூடப்பட்டது. மேல்தளத்திலிருந்து கயிற்றை இழுத்தால் குழிக்குள் ஒரு மணி அடிக்கும். ஒருமுறை அடித்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும், இருமுறை அடித்தால் பின்னோக்கிச் செலுத்த வேண்டும். துரை இருமுறை அடித்தார். வேலாயுதத்துக்கு அது நன்றாகவே கேட்டது. தோட்டத்தில் வேலை முடிந்து வீட்டுக்குப் போகச் சொல்லி அடிக்கும் மணி என்று எண்ணி, தாயின் கையிலிருந்து ஒரு வாளியை வாங்கிக்கொண்டு அவன் புன்னகை செய்தான். மரகதம் சேற்றுத்திட்டில் ஏறி நின்றது. வெளியே இழுத்துப் போடப்பட்டபோது அவனால் நிற்க முடியவில்லை. சீமாட்டிகளின் முன்னால் வாந்தியெடுத்தான். துரை குடையைப் பிடித்தபடி ‘டோடி’, கள், என்ற ஒரே சொல்லைச் சொன்னார்.

கேபினில் படுத்து வந்த சீமாட்டி ஒருத்திக்கும் அன்று தலைவலி கண்டிருந்தது. கேபினில் புகை நாறுவதாக அவள் சொன்னாள். குழாய் கேபினின் தரைக்கடியில் ஓடித்தான் படகின் பின்புறம் வெளியேறுகிறது. மறுநாளே கிள்ளானுக்கு ஆள் போயிற்று, கன்னையா வந்தான்.

“இதை நான் தொரைகிட்ட காட்டணும்” என்றான் வேலாயுதம்.

“காட்டு. கையில குடுக்காத, பொடியாப் போயிடும்.”

துருவேறிய மரைகளை மண்ணெண்ணெயில் ஊறவைத்தும் அவை அசைந்து கொடுக்கவில்லை. உளி வைத்து வெட்டியெடுத்த பிறகு வளைவு கழன்று வந்தது. வேலாயுதம் அதனைக் கோணிச் சாக்கில் சுற்றி, தூங்குகிற பிள்ளையைத் தூக்குவதுபோல் இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு சேற்றில் இறங்கினான். நெடுங்காலத்துக்குப் பிறகு தலை தெளிவாக இருந்தது. சேற்று நண்டுகள் அவன் வழியிலிருந்து விலகி வளைக்குள் புகுந்தன. துரை இதைப் பார்த்தால் போதும். ஒரு சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொண்டால் போதும். அறை நிற்கும், வேலை நிற்கும் என்று அவன் நினைத்தான்.

துரை கிள்ளானுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தின் மேலாளர். அன்று அவர் துறைமுகத்துக் கிடங்கின் முன்னே சாய்வு நாற்காலியில் அமர்ந்திருந்தார். காலடியில் அவருடைய நாய் உறங்கிக்கொண்டிருந்தது. தோட்டத்தில் கற்ற தமிழ் அவருக்கு வேலை வாங்கும் அளவுக்கு வரும். சாக்கை விரித்ததும் அவர் குனிந்து ஓட்டையைப் பார்த்தார். விரலை உள்ளே விட்டார். அவர் முகம் வெளுத்தது. குழந்தைகள் கேபினில் தூங்கியிருக்கிறார்களே என்று ஆங்கிலத்தில் தமக்குள் சொல்லிக்கொண்டதை, அருகில் நின்ற, துரையின் கணக்கு எழுதும் கிராணி ராதாகிருஷ்ணன் பிற்பாடு வேலாயுதத்துக்குச் சொன்னார்.

தான் குடிக்கவில்லை என்பதையும், இந்த ஓட்டையிலிருந்து கசிந்த புகைதான் தன்னை மயக்கியது என்பதையும் வேலாயுதம் பணிவாகச் சொல்லி முடித்தான். துரை அவனைக் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு நிமிர்ந்தார்.

“இந்தக் குழாய் பார்க்கிறது யார் வேலை?”

“என் வேலைதாங்க, தொரே.”

“நீ பார்க்கலை.”

“மேல கயிறு சுத்தி வெள்ளை அடிச்சிருந்திச்சுங்க. பிரிச்சுப் பார்க்கணும்னு தீபாவளிக்கு முந்தியே கேட்டேன். படகுப் பந்தயம் வருது, இப்பப் பிரிக்காத, வெள்ளை அடின்னு தொரைதான் சொன்னீங்க.”

துரை நாயின் காதைத் தடவினார்.

“யார் வெள்ளை அடிச்சது?”

கிடங்கின் தகரக் கூரையில் ஒரு காகம் தத்தித் தத்தி நடக்கும் ஓசை கேட்டது.

“நான்தாங்க” என்றான் வேலாயுதம்.

அதற்குமேல் துரைக்குக் கேட்க ஒன்றுமில்லை. குடித்தான் என்பதைத் தாம் விட்டுவிடுவதாகவும், ஆனால் எஞ்சினை அழுகவிட்டுச் சாயத்தால் மறைத்த குற்றம் குடித்ததைவிடப் பெரிதென்றும், சீமாட்டிகளும் குழந்தைகளும் செத்திருந்தால் யார் பொறுப்பென்றும் அவர் கிராணியைக் கொண்டு சொல்லவைத்தார். மாத முடிவு மாத முடிவுதான். கிராணி மொழிபெயர்க்கும்போது வேலாயுதத்தைப் பார்க்கவில்லை. சாக்கின் மீது கிடந்த இரும்பைப் பார்த்தே பேசினார்.

கேபின் தரைக்கடியில் ஓடிய குழாய் முழுவதும் புதிதாக மாற்றப்பட்டது. நேர்க்குழாய் கிள்ளானிலேயே கிடைத்தது. தரைப்பலகைகளின் இடுக்கில் கம்பளித் துணியை அடைத்து, மேலே தார் பூசி, ஈ நுழையாதபடி செய்தான் கன்னையா. வளைவு மட்டும் கிடைக்கவில்லை. அதனை அச்சில் வார்க்க வேண்டும். அல்லது சிங்கப்பூரிலிருந்து கப்பலில் வர வேண்டும். சனிக்கிழமை விருந்தினர் வருகிறார்கள். பழைய வளைவின் ஓட்டைக்குத் தகரம் வைத்து, கல்நார்க் கயிற்றால் கட்டு, மற்றது பிறகு ஆகட்டும் என்று துரை உத்தரவிட்டார்.

கன்னையா நெடுநேரம் அந்த வளைவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பட்டையிட்டு முடுக்கினால் அது நொறுங்கும், முடுக்காவிட்டால் கசியும். நொறுங்காத அளவுக்கு முடுக்கினான்.

“இது எத்தனை நாளு நிக்கும்?” என்று வேலாயுதம் கேட்டான்.

“என்னைக் கேட்காதலா. புண்ணுக்குத் துணி சுத்தச் சொன்னான், சுத்துறேன். மாட்டேன்னா, நாளைக்கு வேற ஒருத்தன் வந்து இதைவிட மோசமாச் சுத்துவான்.” பட்டையை ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு, “கேபின் பக்கம் ஒரு பொட்டுப் புகை போவாது. அதை நல்லா செஞ்சிருக்கேன்” என்றான்.

படகில் வேலாயுதம் செய்ய வேண்டிய கடைசி வேலை ஒன்று மிஞ்சியிருந்தது. கட்டின்மேல் அவன் வெள்ளை பூசினான். தூரிகை போய்ப் போய் வந்தது. நீர் ஏறத் தொடங்கி, படகு கட்டைகளிலிருந்து எழும்பி, அவன் உடம்போடு சேர்ந்து மெல்ல ஆடியது. அன்று எஞ்சின் ஓடவில்லை; ஆயினும் சாயத்தின் வாடையில் ரப்பர் மரங்கள் நகரத் தொடங்கின. தாய் வாளிகளோடு வருவதற்குள் அவன் குழியைவிட்டு வெளியே வந்துவிட்டான்.

மாதத்தின் கடைசி நாளான அந்தச் சனிக்கிழமை, லைன் அறையைக் காலி செய்துகொண்டு, ஒரு தகரப் பெட்டியும் பாய்ச்சுருளுமாக அவனும் நல்லம்மாளும் துறைக்கு வந்தார்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த அவள் தங்கை வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. பஸ்ஸுக்கு நேரமிருந்தது. மரகதம் வெண்ணெயில் செதுக்கியதுபோல் துறையோரம் நின்றது. புதிய எஞ்சின் ஓட்டி தம்புசாமி, துரை கொடுத்த காக்கிச் சட்டையின் மடிப்புக் கலையாமல் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான். சாலாக் செலாத்தானில் அவனுக்குக் கைப்பிள்ளைக்காரி மனைவி இருப்பதாகக் கிராணி சொல்லியிருந்தார்.

வேலாயுதம் அவனைத் தனியே அழைத்துப் போனான். வெள்ளைக்குள் என்ன இருக்கிறது என்பதையும், பலகையைச் சாத்தினால் என்ன நேரும் என்பதையும், முதலில் சுகமாகத்தான் இருக்கும் என்பதையும் சொன்னான். தண்ணீருக்கடியில் மரங்களும் பால் கோப்பைக்குள் மீனும் தெரிந்தால் உடனே பலகையைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டும் என்றான்.

தம்புசாமி கேட்டுக்கொண்டு நின்றான். பின்பு வேலாயுதத்தின் முகத்தருகே சற்றுக் குனிந்து, மூச்சை முகர்ந்தான்.

“அண்ணே, நீங்க பெரியவங்க. வேலை போன வருத்தம் எனக்குப் புரியுது. தண்ணிக்குள்ள மரம், கோப்பைக்குள்ள மீனுன்னா நான் என்னண்ணே சொல்றது? வீட்டுக்குப் போய்ப் படுங்க.”

“பலகையை மட்டும் மூடாத, தம்பி.”

“மூடச் சொன்னா மூடத்தாண்ணே வேணும். உங்களுக்குத் தெரியாததா.”

சீமாட்டிகள் வந்தார்கள். கேபினில் புதிய மெத்தைகள் விரிக்கப்பட்டிருந்தன. எஞ்சின் இருமி, பிடித்துக்கொண்டு, தடதடத்தது. இரைச்சல் தாங்கவில்லை என்று யாரோ காதைப் பொத்திச் சிரிக்க, துரை குழியின் பக்கம் கை காட்டினார். உள்ளேயிருந்து ஒரு காக்கிக் கை எழுந்து பலகையை இழுத்துச் சாத்திக்கொண்டது.

முதல் பஸ் போயிற்று. நல்லம்மாள் அடுத்த பஸ் வந்து நின்றபோது, “ஏங்க” என்றாள். அவன் எழுந்திருக்கவில்லை. அவள் பெட்டியின் மேலேயே உட்கார்ந்து, முந்தானையைத் தலைமேல் இழுத்து விட்டுக்கொண்டாள். பிற்பகல் சாய்ந்தது. கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறமாகி, நடுவிலிருந்த கோடு அழிந்தது. மழை சதுப்புக் காட்டின் மேல் முதலில் இறங்கிற்று. பிறகு ஆற்றின்மேல் நடந்து வந்தது.

மழைக்குள்ளிருந்து எஞ்சின் ஓசை கேட்டது. அடுத்த வீட்டில் யாரோ அரிசி இடிப்பதுபோல் அது சீராக வந்தது. சற்றுப் பொறுத்து மரகதத்தின் முகப்பு வெள்ளையாகப் புலப்பட்டது. கேபின் சன்னலில் விளக்கு எரிந்தது. துரை சுக்கானைப் பிடித்து நின்றார். நடுவில் பலகை மூடியிருந்தது. படகு துறையை நோக்கி நேராக வந்தது.

மணி இருமுறை அடித்தது. கரையில் எழுந்து நின்ற வேலாயுதத்தின் வலக்கை, நகங்களில் வெள்ளைச் சாயம் காய்ந்திருந்த அந்தக் கை, தானாக எழுந்து, அங்கே இல்லாத நெம்புகோலைப் பற்றிப் பின்னுக்கு இழுத்தது.

எஞ்சினின் ஓசை மாறவில்லை. மணி மறுபடியும் அடித்தது.